சமூக மன்றத்தில் பிள்ளைகளுக்கு ஓர் அறிவியல் நாள்: பத்து வேண்டாம், நாலு போதும்

நீங்கள் எழுதியிருப்பது இது: ஜூன் விடுமுறையில் உங்கள் தமிழ்க் குழு ஒரு சமூக மன்றத்தில் அரைநாள் அறிவியல் நிகழ்ச்சி நடத்தப்போகிறது, 6 வயதிலிருந்து 11 வயது வரை இருபத்தைந்து பிள்ளைகள் வரலாம், உதவிக்கு ஐந்தாறு பெற்றோர், அவர்களில் யாரும் அறிவியல் படித்தவர்கள் இல்லை, யூடியூபில் பார்த்து எரிமலை, யானைப் பற்பசை (பாட்டிலிலிருந்து பொங்கி வழியும் நுரை), உலர்பனிப் புகை, ஸ்லைம் (இழுபடும் கூழ்), கோலா நீரூற்று (கோலாவில் மிட்டாய் போட்டுப் பொங்கவைப்பது) என்று பத்து சோதனைகளைக் குறித்து வைத்திருக்கிறீர்கள், இதில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது? பட்டியலுக்குச் சரி, தப்பு போடச் சொல்கிற மாதிரி இருந்தாலும், உங்கள் மனசில் இருக்கும் கேள்வி வேறு என்று தோன்றுகிறது. அறிவியல் தெரியாத நாங்கள், யாருக்கும் அடிபடாமல், பிள்ளைகளுக்குச் சலிப்பும் தட்டாமல் இதை நடத்திவிட முடியுமா என்பதுதானே? முடியும். ஆனால் பத்து சோதனையோடு முடியாது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். இங்கே சிங்கப்பூரில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் ஆய்வுக்கூடத்தில் பல வருஷம் வேலை பார்த்தவள். பாடம் நடத்துவது ஆசிரியர் வேலை. அமிலத்தை எவ்வளவு நீர்த்துக் கொடுப்பது, எந்த பாட்டிலை எந்த அலமாரியில் பூட்டுவது, சிந்தினால் எதைக் கொண்டு துடைப்பது என்பதெல்லாம் என் வேலை. இப்போது விடுமுறை முகாம்களில் தொண்டூழியம் செய்கிறேன். அதனால் கீழே பொருள்களைப் பற்றிச் சொல்வதை நீங்கள் உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். இத்தனை பிள்ளைக்கு இத்தனை பேர், இந்தச் சோதனையைவிட அது மேல் என்பதெல்லாம் என் அனுபவத்தில் வந்த அபிப்பிராயம், உங்கள் கூட்டத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள். எந்தப் பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளாது என்பதை அதன் அம்மா அப்பாதான் சொல்ல முடியும். காப்புறுதி, அறை விதிமுறை இதையெல்லாம் மன்றத்து ஊழியரிடம் எழுத்திலேயே கேட்டு வாங்கிவிடுங்கள், அங்கே என் வார்த்தை செல்லாது.

இப்படிப்பட்ட நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் அடிபடுவது ரசாயனத்தால் இல்லை, காத்திருப்பதால். ஒரே மேசையில் ஒருவர் செய்துகாட்ட இருபத்தைந்து பேர் சுற்றி நின்றால், முன்னால் நிற்பது குனியும், பின்னால் நிற்பது தள்ளும், நடுவில் நிற்பது போரடித்துப் பக்கத்து மேசையில் இருக்கும் பாட்டிலைத் திறந்து பார்க்கும். சிந்திய தண்ணீரில் வழுக்கி விழுவதும், கத்தரிக்கோலோடு ஓடுவதும் அந்த நேரத்தில்தான். அதனால் ஒரு சோதனையைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது, எவ்வளவு பெரிதாகப் பொங்கும் என்பதை அல்ல. ஒரே நேரத்தில் எத்தனை கைகளுக்கு அதில் வேலை இருக்கும் என்பதைத்தான். எட்டுப் பிள்ளைக்கு ஒரு மேசை, மேசைக்கு இரண்டு பெரியவர், ஒருவர் நடத்த, இன்னொருவர் பார்த்துக்கொள்ள. மூன்று மேசை போட்டு முப்பத்தைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை குழுக்களை மாற்றுங்கள். மாறுவது பிள்ளைகள்தான், மேசை நடத்துபவர் அதே மேசையில் அதே சோதனையை மூன்று முறை செய்வார். அறிவியல் படிக்காதவருக்கு இது பெரிய ஆறுதல், ஒரே ஒரு விஷயத்தை நன்றாகத் தெரிந்துகொண்டால் போதும்.

சரி, உங்கள் பட்டியலுக்கு வருவோம். உலர்பனியை அடித்துவிடுங்கள். அது மைனஸ் 78 டிகிரியில் இருக்கும் திட கார்பன் டைஆக்சைடு, வெறும் கையில் சில விநாடி பிடித்தாலே தோல் வெந்தது போல ஆகிவிடும். ஒரு கிலோ உலர்பனி ஆவியானால் ஐந்நூறு லிட்டருக்கு மேல் வாயு. குளிர்சாதனம் ஓடுவதற்காகக் கதவு ஜன்னல் எல்லாம் சாத்திய அறையில் அது தரையோடு தரையாகத் தேங்கும், அங்கேதான் 6 வயதுப் பிள்ளைகளின் மூக்கும் இருக்கும். யாராவது ஒரு துண்டை எடுத்து பாட்டிலில் போட்டு மூடிவிட்டால் பாட்டில் வெடிக்கும். பயிற்சி பெற்றவர்கள் நடத்தும் காட்சியில் பார்க்கட்டும், ஜூரோங்கில் 1977லிருந்து அறிவியல் நிலையம் இருக்கிறதே, அது எதற்கு?

யானைப் பற்பசை கொஞ்சம் சிக்கல். நீங்கள் வீடியோவில் பார்த்த, கூரையைத் தொடும் நுரைக்குப் பயன்படுத்துவது பெரும்பாலும் 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, அது தோலை வெளுத்துச் சுட்டுவிடும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. மருந்துக்கடையில் விற்கும் 3 சதவீதத்தில் ஈஸ்டும் பாத்திரம் கழுவும் சோப்பும் சேர்த்தால் நுரை மெதுவாக, சோம்பலாக, குறுகிய வாய் பாட்டிலிலிருந்து வழியும். அது போதும் என்றால் பெரியவர் ஒருவர் கண்ணாடி மாட்டிக்கொண்டு தட்டில் வைத்துச் செய்துகாட்டலாம், பிள்ளைகள் நுரையைத் தொடக் கூடாது. முடிச்சாயக் கடைகளில் 6, 9, 12 சதவீதத்தில் கிடைக்கும், நுரை போதவில்லையே என்று யாராவது ஆர்வக்கோளாறில் அதை வாங்கி வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்லைமுக்கு வழக்கமாகப் போடும் போராக்ஸ், ஐரோப்பிய ஒன்றியத்தில் இனப்பெருக்கத்துக்குக் கேடு செய்யும் பொருள்களின் வகையில் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஒரு நாள் தொட்டால் ஒன்றும் ஆகிவிடாது என்று வாதாடலாம்தான், ஆனால் கையில் வெட்டுக்காயம் உள்ள பிள்ளை, விரல் சூப்பும் பிள்ளை எல்லாம் இருக்கும் கூட்டத்தில் அதை வைத்துக்கொண்டு நான் நிற்க மாட்டேன். பதிலுக்கு கார்ன்ஃபிளார் இரண்டு கப்புக்குத் தண்ணீர் ஒரு கப், அவ்வளவுதான். குத்தினால் கல் மாதிரி நிற்கும், விரலை மெதுவாக விட்டால் உள்ளே போகும், சின்னப் பிள்ளைகள் அரைமணி நேரம் வேறு எதையும் கேட்க மாட்டார்கள். வாங்கும்போது வெள்ளை வெளேரென்று இருக்கும் கார்ன்ஃபிளார்தானா என்று பார்த்து வாங்குங்கள், மஞ்சள் நிறச் சோள மாவில் இது வராது. கோலா நீரூற்று ஆபத்தில்லை, ஆனால் அது அரை நிமிஷ வேடிக்கை, அப்புறம் ஒரு மணி நேரம் பிசுபிசுப்பும் எறும்பும். செய்தே ஆக வேண்டுமென்றால் வெளியே, சர்க்கரை இல்லாத கோலாவில், கடைசியில்.

எரிமலையைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஆப்பசோடாவும் வினிகரும் சேர்ந்து பொங்குவது அழகுதான், ஆனால் அதைப் பார்த்த பிள்ளைக்கு எரிமலையைப் பற்றியும் ஒன்றும் தெரிவதில்லை, ஆப்பசோடாவைப் பற்றியும் ஒன்றும் தெரிவதில்லை. அதே இரண்டு பொருளை பாட்டிலுக்கும் பலூனுக்கும் மாற்றுங்கள். 500 மில்லி தண்ணீர் பாட்டிலில் 50 மில்லி சமையல் வினிகர், லேபிளில் 5 சதவீதம் என்று போட்டிருக்கும். பலூனுக்குள் புனல் வைத்துத் தலை தட்டிய அரை டீஸ்பூன் ஆப்பசோடா, பலூனை பாட்டில் வாயில் மாட்டிவிட்டுத் தூக்கிப் பிடித்தால் சோடா உள்ளே கொட்டி பலூன் தானாக ஊதும். ஊதி நின்றதும் பலூனைச் சுற்றி நூல் கட்டி அளந்து, நூலை வெட்டித் தாளில் ஒட்டச் சொல்லுங்கள். அடுத்த பாட்டிலில் வினிகர் அதே 50 மில்லி, சோடா மட்டும் ஒரு டீஸ்பூன். அதற்கடுத்ததில் இரண்டு டீஸ்பூன். ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே மூன்றாவது பலூன் எவ்வளவு பெரிதாகும் என்று எல்லோரையும் கையால் காட்டச் சொல்லுங்கள், ஏறக்குறைய எல்லோருமே கையை அகல விரிப்பார்கள். ஆனால் இரண்டாவதும் மூன்றாவதும் கிட்டத்தட்ட ஒரே அளவில் நிற்கும், மூன்றாவது பாட்டிலின் அடியில் வெள்ளையாகச் சோடா மிச்சம் கிடக்கும். 50 மில்லி வினிகரில் இருக்கும் அமிலம் முக்கால் டீஸ்பூன் சோடாவுக்குத்தான் காணும், வாயு ஒரு லிட்டர் அளவுக்கு வரும், அதற்கு மேல் எவ்வளவு சோடா கொட்டினாலும் பிரயோஜனம் இல்லை. இதை நீங்கள் சொல்லாதீர்கள். அடியில் கிடப்பதைப் பார்த்து ஒரு பிள்ளை “இன்னும் கொஞ்சம் வினிகர் ஊத்தலாமா?” என்று கேட்கும், அந்த நிமிஷத்துக்காகத்தான் இந்த மேசை. பாட்டிலின் அடியைத் தொட்டுப் பார்க்கச் சொல்லவும் மறக்காதீர்கள், சில்லென்று இருக்கும், இந்த வினை சுற்றியிருக்கும் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும்.

இந்த மேசையில் கவனிக்க வேண்டியவை மூன்று. பாட்டிலை மூடியால் இறுக மூடி எதையும் செய்யக் கூடாது, பலூன் விரியும், மூடி விரியாது. இரண்டாவது, 8 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் வாயால் பலூன் ஊதக் கூடாது, கிழிந்த துண்டுகள் மூச்சுக்குழாயை அடைத்துவிடும், அதனால் கொடுத்த பலூன்களை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க ஒருவர் வேண்டும். மூன்றாவது, சுத்தம் செய்வதற்கென்று தனியாக விற்கும் வினிகர் கொஞ்சம் அடர்த்தி கூடியதாக இருக்கலாம், சமையல் வினிகரையே வாங்குங்கள். அதுவும் கண்ணில் பட்டால் எரியும், ஆகவே சிறுவர் அளவுப் பாதுகாப்புக் கண்ணாடி எட்டு வாங்கி அந்த மேசையிலேயே வைத்துவிடுங்கள், குழு மாறும்போது துடைத்து அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கலாம். மூக்குக்கண்ணாடி போட்ட பிள்ளைக்கும் அதற்கு மேல் இது வேண்டும்.

இரண்டாவது மேசைக்கு நான் சொல்வது மஞ்சள். நம் பிள்ளைகள் கல்யாண வீட்டிலும் புது வீடு புகும்போதும் ஆரத்தித் தட்டைப் பார்த்திருப்பார்கள், மஞ்சள் தண்ணீர் எப்படிச் சிவப்பானது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும், காரத்தன்மை உள்ள எதைச் சேர்த்தாலும் சிவக்கும், அமிலம் பட்டால் மறுபடி மஞ்சளாகும். முந்தின நாள் ராத்திரி பெரியவர் ஒருவர் வீட்டில் கையுறை போட்டுக்கொண்டு, அடுப்பை அணைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, மருந்துக்கடை ஸ்பிரிட்டில் ஒரு ஸ்பூன் மஞ்சள்தூள் கலந்து, காப்பி வடிகட்டும் வெள்ளைத் தாள்களை அதில் முக்கி உலர்த்தி வைக்க வேண்டும். வெறும் தண்ணீரில் மஞ்சள் அவ்வளவாகக் கரையாது, தாள் திட்டுத் திட்டாக இருக்கும். ஸ்பிரிட் தீப்பிடிக்கும், அதனால் அது மன்றத்துக்கே வரக் கூடாது, உலர்ந்த தாள் மட்டும் வந்தால் போதும்.

மேசையில் என்ன இருக்க வேண்டும் என்றால், துணி துவைக்கும் சோப்புக்கட்டியைத் தண்ணீரில் கரைத்தது ஒரு கிண்ணம், சந்தையில் கிடைக்கும் குட்டி கஸ்தூரி எலுமிச்சையைப் பிழிந்தது ஒரு கிண்ணம், ஆப்பசோடா கரைசல், பல் துலக்கும் பசையைக் கரைத்தது, சோடாத் தண்ணீர், மைலோ, ஆளுக்கு ஒரு காது குடையும் பஞ்சுக்குச்சி. சோப்புத் தண்ணீரில் குச்சியை முக்கித் தன் பெயரைத் தாளில் எழுதினால் எழுத்து செக்கச் செவேலென்று எழும்பும், அதன்மேல் எலுமிச்சைச் சாற்றைத் தடவினால் மறைந்துபோகும். ஆப்பசோடாவில் லேசான ஆரஞ்சுதான் வரும், சோப்பில் நன்றாகச் சிவக்கும், ஏன் என்று கேட்டால் சோப்பின் காரம் கூடுதல் என்று சொன்னால் போதும். அப்புறம் எது சிவக்கும் எது சிவக்காது என்று அவர்களே ஊகித்து, தாளில் எழுதிவிட்டு, தொட்டுப் பார்க்கட்டும். சங்குப்பூ கிடைத்தால் வெந்நீரில் ஊறவைத்த நீலத் தண்ணீரையும் வையுங்கள், இங்கே பெரானாக்கான் பலகாரத்துக்கு நிறம் கொடுக்கிற அதே பூ, எலுமிச்சை விட்டால் ஊதாவாகும், சோப்பு விட்டால் பச்சைப் பக்கம் போகும். ஆரத்தியைக் காட்டியே ஆக வேண்டும் என்று உங்களுக்கு ஆசை இருந்தால், தேக்காவில் வெற்றிலைக்கு வாங்கும் சுண்ணாம்பில் அரிசி அளவு எடுத்து, மூடி போட்ட ஜாடியில் மஞ்சள் தண்ணீரோடு பெரியவர் குலுக்கிக் காட்டட்டும். சுண்ணாம்பைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது, கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கிவிடும். ‘வீட்டிலிருந்து ஏதாவது கொண்டு வந்து சோதித்துப் பார்க்கலாம்’ என்று அறிவிப்பும் போடாதீர்கள், ஒரு பிள்ளை கழிவறை கழுவும் திரவத்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வரும். உடைக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தமிழ்க் குழு நிகழ்ச்சி என்றதும் பட்டுப்பாவாடையில் அனுப்பும் பாட்டிகள் இருக்கிறார்கள், மஞ்சள் கறை அவர்களை மன்னிக்காது. கறை பட்டுவிட்டால் துவைத்து வெயிலில் போடச் சொல்லுங்கள், மஞ்சளின் நிறப்பொருள் வெளிச்சத்தில் வெளுத்துவிடும்.

மூன்றாவது மேசையில் கார்ன்ஃபிளாரும், பக்கத்தில் கட்டடம் கட்டுவதும். ஸ்பகெட்டியும் மார்ஷ்மெல்லோவும் வைத்துக் கோபுரம் கட்டுவதை எங்கும் பார்க்கலாம், ஆனால் மார்ஷ்மெல்லோவில் இருப்பது பெரும்பாலும் பன்றி அல்லது மாட்டு ஜெலட்டின், நம் கூட்டத்தில் சைவப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் இருப்பார்கள், கையில் கொடுத்தால் வாயில் போடாமல் இருக்காது. ராத்திரி ஊறவைத்த கொண்டைக்கடலையும் பல்குத்தும் குச்சியும் அருமையாக வேலை செய்யும். கடலை ஊறிய நிலையில் குச்சி எளிதாக ஏறும், காய்ந்தால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். சதுரமாகக் கட்டினால் ஆடும், குறுக்கே ஒரு குச்சி வைத்து முக்கோணமாக்கினால் ஆடாது, இதைப் பெரிய பிள்ளைகள் பத்து நிமிஷத்தில் தாங்களே பிடித்துவிடுவார்கள். தம்பி தங்கை என்று 3, 4 வயசுக் குட்டிகள் கூடவே வந்தால் இந்த மேசைக்கு விட வேண்டாம், கடலை தொண்டையில் சிக்கும்.

இந்த மூன்றையும் விட எனக்குப் பிடித்தது நிழல் குச்சி, செலவே இல்லை, ஆனால் வெயில் வேண்டும். மன்றத்து வாசலில் திறந்த இடத்தில் ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நிறுத்தி, அவ்வப்போது நிழலின் நுனியில் சாக்கட்டியால் குறியிட்டு நேரத்தை எழுதுங்கள், குழுக்கள் மாறும் இடைவெளியில் ஐந்து நிமிஷம் வெளியே போய் வந்தால் போதும். நிழல் எப்போது மிகவும் குட்டையாக இருக்கும் என்று கேட்டால் எல்லோரும், பெற்றோரையும் சேர்த்துத்தான், பகல் 12 மணி என்பார்கள். சிங்கப்பூரில் ஜூன் மாதம் அது பகல் 1 மணி தாண்டி ஐந்து நிமிஷத்துக்குத்தான். நாம் இருப்பது கிட்டத்தட்ட 104 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில், ஆனால் 1982 ஜனவரி 1லிருந்து நம் கடிகாரம் 120 டிகிரிக்கு உரிய நேரத்தைக் காட்டுகிறது, ஒரு டிகிரிக்கு நான்கு நிமிஷம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்னொன்றும் உண்டு. ஜூனில் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும், அதனால் அந்தக் குட்டை நிழல் தெற்குப் பக்கம் விழும், ஒரு மீட்டர் குச்சிக்கு நாற்பது சென்டிமீட்டர் அளவுக்கு. டிசம்பரில் அதே இடத்தில் அதே குச்சியை நட்டால் நிழல் வடக்கே போகும். மார்ச் 23 வாக்கிலும் செப்டம்பர் 20 வாக்கிலும் அந்த நேரத்தில் நிழல் குச்சிக்கு அடியிலேயே ஒளிந்துகொள்ளும். நில நடுக்கோட்டுக்கு ஒன்றேகால் டிகிரி பக்கத்தில் வாழ்கிற பிள்ளைக்குக் கிடைக்கும் சலுகை இது, லண்டன் பிள்ளைக்கு வருஷம் முழுக்க நட்டாலும் கிடைக்காது. இதற்காகவே நிகழ்ச்சியைப் பகல் ஒன்றரை வரை இழுங்கள், நடுவில் 12 மணிக்குச் சாப்பாடு, அப்புறம் 12.30, 1.00, 1.15, 1.30 என்று நெருக்கமாகக் குறியிடலாம். சூரியனை நேரே பார்க்கக் கூடாது என்று ஒவ்வொரு முறை வெளியே போகும்போதும் சொல்லுங்கள்.

வெளியே போவதென்றால் வானத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜூனில் சில நாள் விடியற்காலையிலிருந்து காலை வரை சுமத்ரா காற்றோடு மழை கொட்டும், சில நாள் பிற்பகலில் இடி. இடிச்சத்தம் கேட்டால் உள்ளே வந்துவிட வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு அரைமணி நேரம் வெளியே போகக் கூடாது, நிழல் போனால் போகட்டும். வெப்பத்துக்கு வானிலை நிலையம் 2023லிருந்து வெப்ப அழுத்த அறிவுரை வெளியிடுகிறது, அளவு 33 டிகிரி அல்லது அதற்கு மேல் என்று வந்தால் ‘அதிகம்’ என்று பொருள், அந்த எண் சாதாரண வெப்பமானியின் எண் அல்ல, ஈரப்பதமும் வெயிலும் காற்றும் சேர்த்துக் கணக்கிட்டது. அப்படி வந்தால் பெரியவர் ஒருவர் மட்டும் வெளியே போய்க் குறியிட்டு வரலாம்.

முடிவில் ஒரு விருந்து வேண்டுமென்றால் பையில் ஐஸ்கிரீம். சின்ன ஜிப் பையில் அரை கப் பாலும் சர்க்கரையும், அதை இன்னொரு சின்னப் பைக்குள் போட்டு, பெரிய பையில் ஐஸ்கட்டியும் கைநிறைய உப்பும் போட்டுப் பத்து நிமிஷம் குலுக்கினால் உறைந்துவிடும். உப்பு சேர்ந்தால் ஐஸ் பூஜ்ஜியத்துக்கும் கீழே போய்விடும், மைனஸ் 21 வரைக்கும் கூட இறங்க வழியுண்டு, அதனால் பையைத் துண்டில் சுற்றித்தான் பிடிக்க வேண்டும், வெறும் கையில் உப்பு ஐஸை அழுத்திப் பிடிக்கும் விளையாட்டு தோலைப் புண்ணாக்கும். ஆய்வுக்கூடத்தில் எங்களுக்கு மாறாத விதி, சோதனைப் பொருள் எதுவும் வாய்க்குப் போகக் கூடாது. ஆகவே ஐஸ்கிரீம் நடக்கும் இடம் வேறு அறையாக, அல்லது மேசைகளைத் துடைத்து எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகு, புதுப் பைகளில், புதுக் கரண்டிகளில் இருக்கட்டும். பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்குத் தேங்காய்ப்பாலில் அழகாக வரும்.

விளக்கங்களைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் வீடியோக்களில் சோதனை சரியாகவும் காரணம் தப்பாகவும் இருப்பது சகஜம். தட்டில் தண்ணீர் ஊற்றி, எரியும் மெழுகுவர்த்தி மேல் கிளாஸைக் கவிழ்த்தால் தண்ணீர் உள்ளே ஏறும், ஆக்சிஜன் தீர்ந்த இடத்தைத் தண்ணீர் நிரப்புகிறது என்பார்கள். அது சரியில்லை. சுடர் அணையும்போது கிளாஸில் நிறைய ஆக்சிஜன் மிச்சம் இருக்கும். சூட்டில் விரிந்திருந்த காற்று குளிர்ந்து சுருங்குவதுதான் முக்கியமான காரணம், அதனால்தான் அணைந்த பிறகு தண்ணீர் சட்டென்று ஏறுகிறது. தீ வேண்டாம் என்று நான் சொல்வதால் இது உங்களுக்குத் தேவைப்படாது, உதாரணத்துக்குச் சொன்னேன். கோலாவில் மிட்டாய் போட்டால் பொங்குவதும் ரசாயன வினை இல்லை, கரைந்திருந்த வாயு மிட்டாயின் சொரசொரப்பான மேற்பரப்பில் குமிழியாகத் திரண்டு வெளியேறுகிறது, அவ்வளவே. தெரியாத கேள்வி வந்தால் “தெரியலையே, எப்படிக் கண்டுபிடிக்கலாம்?” என்று பிள்ளையிடமே திருப்பிக் கேட்டுவிடுங்கள், யாரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள். தொடக்கநிலை 3லிருந்து மேலே படிக்கிறவர்கள் பள்ளியில் அறிவியலை ஆங்கிலத்தில் படிப்பவர்கள், வினா ஆங்கிலத்தில் வந்தால் தடுக்காதீர்கள், பதிலைத் தமிழில் சொல்லுங்கள், மஞ்சள், சுண்ணாம்பு, நிழல், நூல் என்று எல்லாமே அவர்களுக்குத் தெரிந்த சொற்கள்தான்.

பெயர் பதியும்போதே ஒவ்வாமை, ஆஸ்துமா, லேடெக்ஸ் (பலூனில் இருக்கும் ரப்பர்) ஒத்துக்கொள்ளாமை, அவசரத்துக்கு அழைக்க ஒரு எண் இதையெல்லாம் கேட்டு வாங்கி, மேசைக்கு மேசை ஒரு தாளில் வைத்துவிடுங்கள். லேடெக்ஸ் ஆகாத பிள்ளை வந்தால் பலூனுக்குப் பதில் மெல்லிய பிளாஸ்டிக் பையை ரப்பர் வளையம் போடாமல் நாடாவால் கட்டிக்கொள்ளலாம். விரல் மூடும் செருப்பு, பின்னிய தலைமுடி, தொங்கும் துப்பட்டா இல்லாத உடை. அறை எடுக்கும்போது தண்ணீர்க் குழாய் உள்ள அறையாகக் கேளுங்கள், அறை பெரிதா சிறிதா என்பதைவிட இது முக்கியம், கண்ணில் ஏதாவது பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் பதினைந்து இருபது நிமிஷம் கழுவ வேண்டும், பாட்டில் தண்ணீரில் இரண்டு முறை அடிப்பது கழுவுவதாகாது. மூச்சுத் திணறல், கண்ணில் தீராத எரிச்சல், மயக்கம் என்றால் உடனே ஆம்புலன்ஸுக்கு 995.

பரிசுப் பையில் என்ன போடுவது என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். தண்ணீரில் ஊறிப் பெரிதாகும் மணி உருண்டைகள் வேண்டாம், விழுங்கினால் குடலுக்குள் ஊதி அடைக்கும். குட்டிக் காந்தங்கள் வேண்டாம், இரண்டை விழுங்கினால் குடலின் இரு பக்கத்திலிருந்து ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும். பொத்தான் பேட்டரி போட்ட மின்னும் பொம்மைகள் வேண்டவே வேண்டாம், தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும். இணையத்தில் மொத்தமாக வாங்கும் மலிவுப் பொம்மைகளில் மூன்றும் இருக்கும். நாலைந்து மஞ்சள் தாளும் ஒரு துண்டு சோப்பும் கொடுத்தனுப்பினால் வீட்டில் போய் அப்பா அம்மாவுக்குச் செய்துகாட்டுவார்கள்.

எல்லோரும் போன பிறகு செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன், அங்கேதான் பெரியவர்கள் அசருவார்கள். கார்ன்ஃபிளார் கூழைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், குழாயில் இறுகிவிடும், குப்பைப் பையில் கட்டிப் போடுங்கள். வினிகர் சிந்திய மேசையையும் தரையையும் முதலில் தண்ணீரால் நன்றாகத் துடைத்துவிடுங்கள், துப்புரவு செய்கிறவர் அதன் மேல் பிளீச் ஊற்றினால் குளோரின் வாயு வரும், ஆகவே இங்கே வினிகர் இருந்தது என்று அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கிண்ணங்களையும் பாட்டில்களையும் கவிழ்த்து வையுங்கள், தண்ணீர் தேங்கிய ஒரு கப்பை வெளியே விட்டுவிட்டால் ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். மிச்சம் இருக்கும் பெராக்சைடை, அதை வாங்கியிருந்தால், கொண்டு வந்தவரே வீட்டுக்கு எடுத்துப்போகட்டும், மன்றத்து அலமாரியில் விடக் கூடாது.